மாத்திரைக்கு நாடி பாக்கப் போறியாலே?

ஏல மருமவனே, டி.ஃபார்ம் சேந்துட்டியாம்லா? நல்லதுலே. ப்ளஸ் டூவுல இயற்பியல், வேதியியலோட உயிரியலோ கணக்கோ இருந்தாப் போதும், ரெண்டு வருசப் படிப்பு. நீ முத வாரமே வெள்ளக் கோட்டு தச்சு, கழுத்துல ஸ்டெதாஸ்கோப்ப மாட்டிப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிட்ட. அந்தக் கொழாய வச்சு மெடிக்கல் கடையில எதைலே சோதிப்ப? மாத்திர அட்டைக்கு நெஞ்சு துடிக்குதான்னா?

உங்கம்மை "எம்புள்ள டாக்டரு மாதிரி"ன்னு தெருவெல்லாம் சொல்லுதா. சொல்லிட்டுப் போட்டும், பெத்தவ. நீயும் அத நம்புத பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது.

உன் ரெக்கார்டு நோட்டப் புரட்டுனேன். நிலாவாரை எலைய எம்புட்டு அழகா வரைஞ்சிருக்க! பாகமெல்லாம் குறிச்சு, வாயில நொழையாத பேரும் எழுதியிருக்க. பேதிக்குக் குடுக்குத சரக்குன்னு கீழ ஒரு வரி. சரிதான். நம்ம கரிசக்காட்டுல வெளைஞ்சு தூத்துக்குடியில கப்பலேறுத சரக்குலே அது. அந்தச் செடியவே காட்டி என்னதுன்னு கேட்டா, "ஏதோ களை மாமா"ங்க. மார்க்கு போட்ட வாத்தியாரு மகராசன்!

படிக்க வேண்டாம்னா சொல்லுதேன்? நல்லாப் படி. காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஒருத்தி பாரசிட்டமால் கேட்டு வாரா. சொட்டு மருந்துல ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்புல 5 மில்லிக்கு 125 உண்டு, 250 உண்டு. எல்லாம் ஒரே அலமாரியில அண்ணந்தம்பி மாதிரி நிக்கும். 125 சிரப்பு 5 மில்லி குடுக்கச் சொல்லியிருக்க, நீ சொட்டு மருந்துப் பாட்டில நீட்டுன, அவ மூடி நெறைய ஊத்துனான்னு வையி. நாலு மடங்கு உள்ள போயிரும். லேபிளத் திருப்பிப் பாக்க எம்புட்டு நேரம்லே ஆவும்? போட்டோவுக்குத் தலை சீவுத நேரம்கூட ஆவாது.

சீட்டுல பி.டி.ன்னா ரெண்டு வேளை, டி.டி.எஸ்.னா மூணு வேளை. உனக்குத் தெரியும். எதிர்ல நிக்க கெழவிக்கு? "டுவைஸ் டெய்லி, ஆஃப்டர் ஃபுட்"ங்க. அவ தலைய ஆட்டிக்கிட்டுப் போயி, கடுங்காப்பியக் குடிச்சிட்டு ரெண்டையும் ஒண்ணா முழுங்குவா. "காலையில இட்லி தின்ன பெறவு ஒண்ணு, ராத்திரி கஞ்சி குடிச்ச பெறவு ஒண்ணு"ன்னா நாக்கு சுளுக்கிக்கிடுமா?

பாடம் முடிஞ்சா 500 மணி நேரம் வேல பழகணும், மூணு மாசத்துக்குக் கொறையாம. தெரிஞ்ச கடையில கையெழுத்து மட்டும் வாங்கிரலாம்னு உன் கூட்டாளி சொல்லுதானாம். வாங்கலாம்லே. அந்த 500 மணி நேரமும் கட்டில்ல கெடந்தவங்கிட்ட உங்கம்மைக்குச் சக்கர மாத்திர நீ வாங்குவியா?

பெறவு கவுன்சில்ல பதிவாயிரும். ஒருத்தன் வெத்தலப் பாக்கு வைக்காத கொறையா வீடு தேடி வருவான். "தம்பி, சர்ட்டிபிகேட்ட எங்கடையில மாட்டிக்கிடுதேன். நீங்க வரவே வேண்டாம். மாசாமாசம் வாடகை"ம்பான். டாக்டரு சீட்டுக்கு மருந்து குடுக்கப் பதிஞ்ச ஆளு வேணும்னு 1948-லயே சட்டம் போட்டாச்சு. அவன் மாட்டிக்கிடுவான், நீ வேற ஊருல வேற சோலியப் பாப்ப. ராத்திரி ஒம்பது மணிக்குக் கோழி கிண்டுன கையெழுத்தோட ஒருத்தன் சீட்ட நீட்டுனா, செவத்துல தொங்குத உன் போட்டோவாலே எறங்கி வந்து வாசிக்கும்?