நான்காம் தளத்துக்கு ஒரு நன்றி மடல்

அனுப்புநர்: செங்கல்பட்டு மாவட்டத்துக்காரன் ஒருவன்.

பெறுநர்: மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்), சி.எம்.டி.ஏ. இரண்டாம் கோபுரம், நான்காம் தளம், காந்தி இர்வின் பாலம் சாலை, எழும்பூர், சென்னை 8.

பொருள்: எங்கள் நாக்குக்கு அரசே பொறுப்பேற்றுக்கொண்டது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் எழுதிய சிறுபாணாற்றுப்படை. (நாளது தேதி வரை அதற்குப் பதில் இல்லை.)

மதிப்புக்குரிய ஐயா,

முதல் வணக்கம் உங்கள் முகவரிக்கு. 1931இல் காந்தியும் இர்வினும் செய்துகொண்ட ஒப்பந்தம், அமைதியான முறையில் மறியல் செய்ய இடம் கொடுத்தது. சாராயக்கடை மறியலும் அதில் அடக்கம். அந்த இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்துச் சுமக்கும் சாலையில் உட்கார்ந்துகொண்டு மாநிலம் முழுவதற்கும் சரக்கு அனுப்புகிறீர்கள். நீங்கள் கடை நடத்துவது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். உங்களுக்கு மேலே இருக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. இவ்வளவு நகைச்சுவை உணர்வுள்ள நிர்வாகத்துக்குப் பகடிக் கடிதம் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

குறை சொல்ல வரவில்லை. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்ற புகாரைப் பெட்டிக்கடை முதல் சட்டமன்றம் வரை எல்லோரும் பேசி ஓய்ந்துவிட்டார்கள். சுவை என்கிற தொல்லையிலிருந்து எங்களை விடுவித்ததற்கு இதுவரை யாரும் நன்றி சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் தீர்க்கப் பார்க்கிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் படுகிற பாடு கொஞ்சமல்ல. தானியத்தில் காய்ச்சி, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் ஊறாத சரக்குக்கு ஸ்காட்ச் என்று பெயர் வைத்தால் சட்டம் பாய்கிறது. பவேரியாவில் 1516லேயே, பீர் என்றால் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், வேறொன்றும் கூடாது என்று கோமகன் உத்தரவு போட்டுவிட்டார். பிரான்ஸில் ஒரு மலைச்சரிவின் பெயரை இன்னொரு சரிவுக்காரன் லேபிளில் போட்டால் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு ஒயினை மோந்து பார்த்து, வாயில் வைத்துச் சுழற்றி, துப்பியும் விடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புகிற தேசத்தை என்னவென்று சொல்ல?

இங்கே அந்தக் கஷ்டம் கிடையாது. மதியம் 12 மணிக்குக் கம்பி வலைக்குள் ஒரு கை போகிறது. "அண்ணே, ஒரு நூத்தி நாப்பது." அவ்வளவுதான் பேச்சு. பிராந்தியா ரம்மா என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் கம்பெனி என்பது கேள்வியே இல்லை, "எது இருக்கோ அதக் குடுங்க." ரேஷன் கடையில் இலவச அரிசி வாங்கும்போதுகூடப் புழுங்கலா பச்சையா என்று கேட்டு, கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிற சனம் இது. அந்தச் சனத்தையே விலையைப் பெயராகச் சொல்லிப் பொருள் வாங்கப் பழக்கியிருக்கிறீர்கள். பீர் வாங்குகிறவர் மட்டும் இன்னும் ஒரு கேள்வி கேட்கிறார்: "கூலிங் இருக்கா?" அக்னி நட்சத்திர வெயிலில் அதைச் சுவை என்று சொல்ல முடியாது, முதலுதவி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கேட்டு வாங்கினாலும் பெரிய லாபம் இல்லை என்பது வேறு விஷயம். அலமாரியில் பிராந்தி, விஸ்கி, ரம் என்று தனித்தனியாக நிற்கும் மலிவுச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, சொந்த மணமும் ருசியும் அடியோடு போகும்வரை சுத்தம் செய்து எடுத்த எரிசாராயம் அது. அதில் தண்ணீர் விட்டு 42.8 சதவீதத்துக்கு இறக்கி, நிறத்துக்குக் கேரமல், பெயருக்கு ஒரு எசன்ஸ் சேர்த்தால் முடிந்தது. திராட்சையைக் கண்ணால் கண்டிராத பிராந்தி இப்படித்தான் பிறக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மொலாசஸில் காய்ச்சியதை விஸ்கி என்று விற்க முடியாது. படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த நெடி பழக்கம். பாட்டிலைத் திறந்ததும் சொந்த ஊர் ஞாபகம் வருமே தவிர, பிரான்ஸ் ஞாபகம் வராது.

சுவை வேண்டுமென்பவனுக்கு எலைட் கடை இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நட்சத்திர ஓட்டல் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். 2019இல் சீன அதிபர் வந்துபோன மாமல்லபுரம், 2022இல் உலகமே வந்து சதுரங்கம் ஆடிய பூஞ்சேரி, இங்கெல்லாம் ஓட்டல் பட்டியலில் திராட்சை விளைந்த பள்ளத்தாக்கு, பறித்த வருஷம் எல்லாம் அச்சாகியிருக்கும். சாலைக்குக் கிழக்கே குடிக்கிறவனுக்கு நாக்கு உண்டு, மேற்கே குடிக்கிறவனுக்குத் தொண்டை மட்டும் போதும் என்ற இந்தப் பங்கீட்டை யார் செய்தது என்றுதான் விளங்கவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை ஐயா. பார்வையில் கண்ட நூலை எழுதியவர் எங்கள் செய்யூர் வட்டத்து இடைக்கழிநாட்டுக்காரர். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கப் போகும் பாணர்களுக்கு வழி சொல்கிறார். கடலோரமாகப் போனால் எயிற்பட்டினம் வரும் என்கிறார். அது இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள். நுளையர் வீட்டுப் பெண் வடித்த, நாள்பட்ட தேறலைப் பரதவர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கூடவே சுட்ட குழல்மீன். யார் வடித்தது, எத்தனை காலம் பட்டது, என்ன விறகு எரிந்தது, தொட்டுக்கொள்ள என்ன என்று அத்தனையும் சொல்லிவிட்டுத்தான் புலவர் அடுத்த ஊருக்கு நகர்கிறார். அதுவும் யாருக்கு? பாடிப் பிழைக்கிற ஏழைப் பாணனுக்கு. உங்கள் லேபிளில் கம்பெனியின் பெயர் இருக்கிறது, மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்ற எச்சரிக்கை இருக்கிறது. மற்றதெல்லாம் தொழில் ரகசியம்.

பாலாறு கடலில் சேரும் இடத்தில், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், வசவசமுத்திரம் என்றொரு சிற்றூர். அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு அம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஒயின் கப்பலேறி வந்தது அந்தமாதிரி ஜாடிகளில்தான். யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் குடித்ததைப் புறநானூறு சொல்கிறது. இறக்குமதிச் சரக்கும் உள்ளூர்ச் சரக்கும் ஒரே கரையில் புழங்கிய காலம். உங்கள் கிடங்கு இல்லாமலேயே நடந்திருக்கிறது.

அப்புறம் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குடைவரையில் அவனுடைய விருதுப் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அவன் தனக்கு மத்தவிலாசன் என்றும் ஒரு பட்டம் வைத்துக்கொண்டு, அதே பெயரில் வடமொழியில் ஒரு பிரகசனம், அதாவது நகைச்சுவை நாடகம், எழுதினான். காஞ்சியில் ஒரு காபாலிகனும் அவன் தோழியும் மதுக்கடைக்குப் போகிறார்கள். அந்தக் கடையைக் காபாலிகன் வேள்விச்சாலையோடு ஒப்பிட்டு மெய்மறக்கிறான். கபாலக் கிண்ணம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவி மேல் பழி விழுகிறது. கடைசியில் பார்த்தால் நாய் தூக்கிப் போயிருக்கிறது. ஆட்சியில் இருப்பவரே மதுக்கடையை வைத்துச் சிரித்த காலம் ஒன்று உண்டு. இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் மதுக்கடையை வைத்துப் பட்ஜெட் போடுகிறார்கள். 2024-25இல் உங்கள் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். சிரிப்பு எங்கிருந்து வரும்?

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948இல் மாகாணம் முழுக்க மதுக்கடைகளை மூடினார்கள், 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் திறந்தார்கள். 1983இல் நீங்கள் பிறந்தீர்கள். 1987இல் கள்ளையும் சாராயத்தையும் மூடினார்கள். 2003இல் சில்லறைக் கடையும் உங்கள் கைக்கு வந்தது. இந்த ஊர் நாக்கு அரசாணைக்குத் தக்கபடி நீண்டும் மடங்கியும் பழகிவிட்டது.

இதில் கள்ளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் சொந்த நாக்கு இருக்கிறதே, அது பனங்கள்ளின் பக்கம் சாய்ந்த நாக்கு. அதற்காகப் புதுச்சேரி எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது. அங்கே கள்ளுக்கடைக்குத் தடை இல்லை. விடியலில் இறக்கிய கள் இனிப்பும் லேசான நுரையுமாக இருக்கும். உச்சிப்பொழுதில் புளிப்பு ஏறும். சாயங்காலத்துக் கள் வேறு ஆள். அலகுப் பனை என்கிற ஆண் பனையின் கள்ளும் பருவப் பனை என்கிற பெண் பனையின் கள்ளும் ஒன்றல்ல என்று மரமேறிகள் சத்தியம் பண்ணுவார்கள். பல மரத்துக் கள்ளைக் கலக்காமல் ஒரே மரத்தில் இறக்கியதை ஒருமரத்துக் கள் என்று தனியாகக் கேட்டு வாங்குகிற பெரியவர்கள் இருந்தார்கள். சிங்கிள் மால்ட் என்று ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறவர்கள் இந்தப் பெரியவர்களைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்படலாம்.

அதே பனை, அதே பாளை, அதே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர்; அரசு பாராட்டும், உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் கொடுக்கும். தடவ மறந்தால் கள், போலீஸ் வரும். பனை மாநில மரம். 2021இலிருந்து அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். ஆக மரத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது, மரமேறிக்குத்தான் இல்லை. ஐந்தாறு சதவீத ஆல்கஹால் உள்ள கள் சமூகத்தைக் கெடுக்கும், 42.8 சதவீதம் நலத்திட்டங்களுக்கு நிதி தரும். இந்தக் கணக்கை எங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்லித் தரவில்லை.

குடியே வேண்டாம் என்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைப் படித்தால் கோபப்படுவார்கள். குடும்பம் நாசமாகும் இடத்தில் இவனுக்குச் சுவை கேட்கிறது என்பார்கள். நியாயமான கோபம். கள்ளில் யாரும் கெட்டதில்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வாயில் போவது என்ன என்று கேட்கிற பழக்கத்தை ஒரு ஊரில் அழித்துவிட்டால் குடிப்பவன் எண்ணிக்கை குறைவதில்லை. 2023 மே மாதம் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம். உங்கள் கடை விலையும் எட்டாதவர்கள், எங்கள் மாவட்டத்துச் சித்தாமூர் பக்கத்து கிராமங்களிலும், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும், மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் குடித்தார்கள். அது மெத்தனால், ஆலைகளில் புழங்குகிற ரசாயனம். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள். அடுத்த வருஷமே கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேலே.

எக்கியார்குப்பம் மீனவர் குப்பம். நத்தத்தனார் பாணர்களை உட்காரவைத்துத் தேறலும் மீனும் வாங்கிக் கொடுத்தது அந்தக் கடற்கரையில்தான்.

ஆகவே ஐயா, கோரிக்கை ஒன்றே ஒன்று. கள்ளுக்கடையைத் திறப்பதும் உங்கள் கடையை மூடுவதும் உங்கள் நான்காம் தளத்தின் கையில் இல்லை, கோட்டையின் கையில் இருக்கிறது என்று தெரியும். உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். விற்கிற ஒவ்வொரு பாட்டிலின் மேலும் தமிழில் மூன்று வரி அச்சடிக்கச் சொல்லுங்கள்: எதிலிருந்து காய்ச்சினது, எத்தனை காலம் ஊறினது, நிறத்துக்கும் மணத்துக்கும் என்ன சேர்த்தது. எச்சரிக்கை வாசகத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. குடிக்கிறவன் படிக்க மாட்டான் என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். படித்த பிறகு சிலர் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவும் கூடும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் இதையே மனுவாகப் போடுவேன். அதற்குக் கட்டணம் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்காவது கணக்கு இருக்கும்.

இப்படிக்கு,
சாலைக்கு மேற்கே வசிக்கும் ஒருவன்.