சுகரா சார்?

எங்கள் கல்லூரியில் ஒரு குழுவுக்கு யார் தலைவர் என்று முடிவு செய்வது ரொம்பச் சுலபம். கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்தான். அன்றைக்குப் பல்வலி என்று நான் அரைநாள் விடுப்பு. மறுநாள் போனால், 'மிதிவண்டி ஊக்குவிப்புக் குழு, ஒருங்கிணைப்பாளர்' என்று என் பெயர் போட்ட சுற்றறிக்கை மேசையில் உட்கார்ந்திருந்தது. புதன்கிழமைதோறும் மாணவர்கள் சைக்கிளில் வரவேண்டும். வரவைப்பது என் பாடு.

தமிழ்த்துறைக்காரன் கையில் மைக்கைக் கொடுத்தால் சும்மா விடுவானா? அதுவும் புதுக்கோட்டையில் சைக்கிளைப் பற்றிப் பேசுவது என்பது திருநெல்வேலியில் அல்வாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி. 1991இல் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். கல்குவாரிக்குப் போகிற பெண்களும் அதில்தான் போனார்கள். இதையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி, கடைசியில் கணக்குக்கு வந்தேன். "போக வர பத்து கிலோமீட்டர். லிட்டருக்கு ஐம்பது கிடைக்கும் பைக்கில் ஒரு நாளைக்கு இருபது ரூபாய். மாதத்துக்கு ஐந்நூறு. மூன்று வருஷத்துக்கு எவ்வளவு?"

கணிதத்துறைப் பையன் ஒருவன் எழுந்தான். விடை சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"சார், நீங்க எதுல வந்தீங்க?"

அரங்கம் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

காரில்தான் வந்திருந்தேன். வீட்டிலிருந்து கல்லூரி சரியாக ஐந்து கிலோமீட்டர். நடுவில் ஒரு மேடுகூடக் கிடையாது.

அன்று சாயங்காலமே மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளை வெளியே இழுத்தேன். மகன் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரிந்ததில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு வருஷம் அதில்தான் பள்ளிக்குப் போனான். கல்லூரியில் சேர்ந்த வாரம் பைக் கேட்டான். யார் வாங்கிக்கொடுத்தது என்று கேட்காதீர்கள். அதன்பின் அந்த சைக்கிள் மழைக்காலத்தில் துணி காயப்போடுகிற கொடியாக இருந்துவந்தது. நான் எடுத்துக்கொண்டு போனபோது மனைவிக்கு அந்த ஒரு வருத்தம்தான்.

காற்றுப்பிடிக்கக் கடை தேடியதுதான் பெரிய படலம். போன கடையெல்லாம் டியூப்லெஸ். நான்காவது தெருவில் ஒரு பெரியவர் தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன் சகிதம் உட்கார்ந்திருந்தார். "சைக்கிளா? உக்காருங்க தம்பி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அம்பத்தேழு வயதில் தம்பி என்று கூப்பிடக் கேட்டதே பாதி ஊக்குவிப்பு. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தார். ஒன்றா இரண்டா, தொட்டியே கொதிக்கிற மாதிரி இருந்தது. டயர், டியூப், வால்டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதிது. ரிம்மில் கோட்டம் எடுத்துக்கொண்டே, ஒருகாலத்தில் இருபது வாடகை சைக்கிள் வைத்திருந்ததைச் சொன்னார். மணிக்கு நாலணா கொடுத்து, பாருக்கு அடியில் காலைவிட்டுக் குரங்குப் பெடல் அடித்த தலைமுறை நான். எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதில் கடைக்காரரோடு சண்டை போட்டவனும்கூட. அந்தக் கடைக்காரர் இவரே என்றுதான் தோன்றியது. பழைய பாக்கி ஏதும் இருக்குமோ என்று வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினேன். பேண்ட் செயினில் மாட்டாமலிருக்க வலதுகாலில் ஒரு ரப்பர் பேண்ட்.

எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். "என்ன சார், கார் ஒர்க்‌ஷாப்பா?" தெருமுனை டீக்கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுகரா சார்?" திலகர் திடல் பக்கம் பழைய மாணவன் ஒருவன் பைக்கை மெதுவாக்கிக் கூடவே வந்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. "ஒண்ணும் கவலப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். நம் ஊரில் அம்பது தாண்டிய மனிதன் சைக்கிள் மிதிக்க மூன்றே காரணம்தான்: கார் ரிப்பேர், உடம்பில் சர்க்கரை, தலைக்குமேல் கடன். நாலாவது ஒன்று இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. சைக்கிளை மட்டும் குறிவைத்துத் துரத்தும் நாய்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன். அந்த முன்னூறு மீட்டரில் நான் எந்த பைக்குக்கும் சளைக்கவில்லை.

கல்லூரி வாசலில் காவலர் கையை நீட்டி மறித்தார். எட்டு வருஷமாகக் கண்ணாடி வழியாக எனக்கு சல்யூட் வைப்பவர். "பார்சல்னா அந்தப் பக்கம் போங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. அவர் சல்யூட் வைத்தது காருக்கு.

உள்ளே போய் எங்கே நிறுத்துவது? நிழலில்லை, பூட்டுப்போட்டுக் கட்ட ஒரு கம்பியில்லை. வேப்பமரத்தடியில் பைக்குகள் தோளோடு தோள். ஒன்றில் உரசினால் வரிசையாகச் சாயும். கொஞ்சநேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றினேன். ஆசிரியர்கள் கார் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்று நிமிர்ந்து பார்த்தபோது, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் பழைய பெயிண்ட் எழுத்து தெரிந்தது. 'மாணவர் மிதிவண்டி நிறுத்துமிடம்.' அதற்கு நேர் கீழேதான் எட்டு வருஷமாக என் கார் நிற்கிறது. எனக்குப் பிடித்த மூலை. மதியவெயில் படாது.

மாணவர்களைக் குறைசொல்லி எழுதிவைத்திருந்த அறிக்கையை அன்றே கிழித்துவிட்டேன்.

கிழிக்க இன்னொரு காரணமும் உண்டு. அந்த வாரத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டம். எங்கள் துறை மாணவி ஒருத்தி தன் அம்மாவை அறிமுகப்படுத்தினாள். அறிவொளியில் சைக்கிள் கற்றவர் அந்த அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரலாறே நூல்சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது! "அம்மா, நீங்களே சொல்லுங்க, பிள்ளைங்க சைக்கிள்ல வந்தா எவ்வளவு நல்லது?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டு குடம் தண்ணி, பின்னால அரிசி மூட்ட, முன்னால இதுவ. அப்புடி மிதிச்சேன் சார். நான் மிதிச்சது போதும். இது ஸ்கூட்டில போவட்டும்."

என் மேடைப்பேச்சு அத்தனையும் அந்த இடத்தில் பஞ்சர். அவருக்கு சைக்கிள் விடுதலையாக இருந்ததும் உண்மை, மகளுக்கு அது வேண்டாம் என்பதும் உண்மை. கார் வைத்திருப்பவன் மிதித்தால் உடற்பயிற்சி. இல்லாதவன் மிதித்தால் இல்லாமை. இந்தக் கணக்கை நான் மேடையில் போடவில்லை. மகள்தான் சங்கடப்பட்டுச் சொன்னாள்: "ஊர்லேருந்து இருபத்திரெண்டு கிலோமீட்டர் சார். பஸ்ஸுலதான் வரணும். பஸ் ஸ்டாண்டுலேருந்து காலேஜ் மூணு கிலோமீட்டர். அங்க ஒரு சைக்கிள விட்டுவைக்க எடம் இருந்தா நானே மிதிப்பேன். ஷேர் ஆட்டோவுல நசுங்குறதுக்கு அது எவ்வளவோ மேல்." ஊக்குவிப்புக் குழுவில் ஆறு பேராசிரியர்கள் இருக்கிறோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நாங்கள் யாரும் பஸ்ஸில் வருவதில்லை.

அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போனேன். கொட்டகையில் பாதியை மாணவர்களுக்குத் திருப்பித்தர வேண்டும், பூட்ட இரும்புக் கம்பி போட வேண்டும், முகம் கழுவ ஒரு குழாய் வேண்டும், பேருந்து நிலையம் பக்கம் ஒரு வண்டி ஸ்டாண்டில் கல்லூரி பேரில் இடம் பேச வேண்டும் என்று நாலு கோரிக்கை வைத்தேன். முதல் மூன்றும் நடந்தன. ஸ்டாண்ட் மட்டும் இன்னும் கோப்பில் இருக்கிறது. கொட்டகையில் இடமிழந்த சக பேராசிரியர்கள் மூன்று பேர் என்னோடு பேசுவதில்லை. மதியவெயிலில் காய்கிற தங்கள் கார்களை ஜன்னல் வழியே காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

போன புதன்கிழமை எண்ணிப் பார்த்தேன். பதினேழு சைக்கிள். அதில் ஒன்று கேள்வி கேட்ட கணிதத்துறைப் பையனுடையது. ஒன்று என்னுடையது; பின்சக்கரத்தில் காற்று இல்லை.