குறுக்கே போன சித்தர்

மலை ஏறவேண்டும் என்றால் சிட்னிக்காரர்கள் கடைக்குப் போவார்கள். என் மாமனார் குளிக்கப் போவார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அமாவாசை வந்தால் தாணிப்பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சதுரகிரி ஏறி, சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிட்டு இறங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். எழுபது வயதாகிறது. ஒரு துண்டும் ஒரு தூக்குவாளியும் போதும் அவருக்கு. என்னிடமோ முட்டிக்கு உறை, இரண்டு கைக்கும் மடக்குத் தடி, முதுகுப் பையிலிருந்தே தண்ணீர் உறிஞ்ச ஒரு குழாய், அட்டையை விரட்ட ஒரு மருந்து என்று எல்லாம் உண்டு. மூச்சு மட்டும்தான் கிடையாது.

மகளைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்தவரை முதலில் ஓபரா ஹவுஸுக்கு அழைத்துப் போனேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "உள்ள மூலவர் யாரு மாப்ள?" என்றார். கச்சேரி நடக்கும் இடம் என்றேன். "அதுக்கா இவ்ளோ பெரிய கோபுரம்" என்று காருக்குத் திரும்பிவிட்டார். மேற்கே இரண்டு மணி நேரத்தில் ஒரு மலை இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

ப்ளூ மவுண்டன்ஸ். ஊட்டியில் பாட்டில் பாட்டிலாக விற்கிறார்களே யூகலிப்டஸ் தைலம், அந்த மரத்துக்குப் பிறந்த வீடு இந்த நாடு. மலையெங்கும் அதுதான். அங்கே 'சிக்ஸ் ஃபுட் டிராக்' என்று 45 கிலோமீட்டர் பாதை ஒன்று, கட்டூம்பாவிலிருந்து ஜெனோலன் குகைகள் வரை போகிறது. 1884இல் குதிரைகளுக்காகப் போட்டது. இரண்டு குதிரை பக்கம்பக்கமாகப் போக ஆறடி. அதில் மெகலாங் பள்ளத்தாக்கிலிருந்து காக்ஸ் ஆற்றங்கரை வரை நடந்து, ராத்திரி கூடாரத்தில் தங்கி, மறுநாள் திரும்புவது என்று ஏற்பாடு. வழிகாட்டியாக எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து நண்பர் வந்தார். முப்பது வருஷமாக இந்த மலைகளில் திரிகிறவர்.

காரிலேயே விசாரணை தொடங்கிவிட்டது.

"பாம்பு இருக்கு ஐயா. சிலந்தியும் இருக்கு. கடிச்சால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"யானை உண்டா தம்பி?"

"இல்லை ஐயா."

"கரடி?"

"அதுவும் இல்லை."

"சிறுத்தை?"

நண்பர் கொஞ்சம் யோசித்தார். "அது... இருக்கெண்டும் சொல்லுகினம், இல்லையெண்டும் சொல்லுகினம்."

மாமனார் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை தூரம் வந்ததற்கு இப்போதுதான் ஒரு மரியாதை கிடைத்தது அவருக்கு.

ப்ளூ மவுண்டன்ஸ் கருஞ்சிறுத்தை என்பது இந்த வட்டாரத்தின் நெடுநாள் கதை. சர்க்கஸிலிருந்து தப்பியது என்று ஒரு தலபுராணம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் செல்லமாகக் கொண்டுவந்து விட்டுப்போனது என்று இன்னொன்று. பார்த்தோம் என்று சொல்கிறவர்கள் ஏராளம். நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கமே விசாரித்துப் பார்த்தது. பக்கத்து மாநிலமான விக்டோரியாவில், கிப்ஸ்லாந்துக் காட்டில், 2005இல் வேட்டைக்குப் போன ஒருவர் பெரிய கறுப்பு மிருகம் ஒன்றைச் சுட்டேவிட்டார். வாலை மட்டும் எடுத்து வைத்திருந்தார். அந்த வால் டிஎன்ஏ சோதனைக்குப் போனது. பூனை என்று முடிவு வந்தது. சோபாவில் நம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எழுப்பினால் முறைக்குமே, அதே ஃபெலிஸ் கேட்டஸ். 2012இல் விக்டோரியா அரசின் ஆய்வும் இதையேதான் சொன்னது: மக்கள் பார்த்த பெரிய மிருகங்கள் அனேகமாகக் காட்டில் வளர்ந்த பெரிய பூனைகள்.

எனக்கு அந்தப் பூனைமீது வேறொரு வருத்தம் உண்டு. நான் இந்த நாட்டில் குடியேற ஐஇஎல்டிஎஸ் எழுதினேன். நாற்பது ஐம்பது பக்கம் படிவம் நிரப்பினேன். மார்புக்கு எக்ஸ்ரே, காவல்துறையிடம் நன்னடத்தைச் சான்றிதழ், வயதுக்கு இத்தனை பாயின்ட், படிப்புக்கு இத்தனை பாயின்ட். பூனை 1788இல் முதல் கப்பல்களோடு வந்து இறங்கியது. கப்பலில் எலி பிடிக்கிற வேலை. இறங்கிய பிறகு வேலையை விட்டுவிட்டது. சுமார் நூறு வருஷத்தில் கண்டம் முழுக்கப் பரவியாயிற்று. போதாக்குறைக்கு, 1859இல் ஒரு கனவான் வேட்டைக்கென்று இறக்கிவிட்ட முயல்கள் பெருகி மேய்ச்சலை அழித்தபோது, முயலைப் பிடிக்கட்டும் என்று பூனைகளை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் காட்டில் விட்டவர்களும் இருந்தார்கள். அரசாங்கச் செலவில் உள்நாட்டுப் பயணம்! இன்று ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் 99.8 சதவீதத்தில் பூனை உண்டு. மீதி 0.2, வேலி போட்டுக் காப்பாற்றிய இடங்களும் சில தீவுகளும்.

பிற்பகல் வெயில் சாய்கிற நேரம். ஓடை ஒன்றைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். முன்னால் மாமனார், நடுவில் நண்பர், வெகு பின்னால் நான். திடீரென்று முன்னவர் இருவரும் நின்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது புதருக்குள் ஒரு சாம்பல் வரி வால் மறைவதை மட்டும் பார்த்தேன்.

"பூனைதான் ஐயா. பயப்பிடாதேங்கோ," என்றார் நண்பர்.

"பயமெல்லாம் இல்ல தம்பி. குறுக்க போயிருச்சே."

அவ்வளவுதான். துண்டை விரித்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்பவேண்டும். அதுவும் வேறு யாராவது முதலில் தாண்டிப் போனால் உத்தமம். கருஞ்சிறுத்தையைக் கேட்டு மலர்ந்த முகம், ஐந்து கிலோ கூட இல்லாத பூனைக்கு வாடிவிட்டது. இடமிருந்து வலமாகப் போனால் தோஷமில்லை என்று ஒரு கட்சி, வலமிருந்து இடம் போனால்தான் தோஷமில்லை என்று இன்னொரு கட்சி. எது சரி என்று ஊருக்குப் போன் போட்டு அத்தையைக் கேட்கலாம் என்றால் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை.

நான் ஒரு நியாயம் பேசிப் பார்த்தேன். "மாமா, நாம இப்ப பூமியோட தென்பாதியில இருக்கோம். இங்க சூரியனே வடக்குப் பக்கமாத்தான் போகும். டிசம்பர்ல கோடை. எல்லாமே தலைகீழ். அப்ப சகுனமும் மாறிரும்ல?"

அவர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "சூரியன் மாறலாம் மாப்ள. பூனைக்கு இடது கை இடது கைதானே?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

அப்போதுதான் அந்தத் தம்பதி வந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, நல்ல பூட்ஸ். பாதையோரம் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்கள். "அவங்கள முன்னாடி போகச் சொல்லுங்க," என்றார் மாமனார் என் காதில். எங்களுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். இருவரும் கையசைத்துவிட்டு, பூனை போட்டுவிட்டுப் போன கோட்டைத் தாண்டிக் கள்ளமில்லாமல் நடந்தார்கள். மாமனார் அவர்களை நன்றியோடு பார்த்தார். பிறகு எழுந்து துண்டை உதறினார்.

ராத்திரி ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, என் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தையும் தயிர்ச்சாதத்தையும் பிரித்தோம். விளக்கைத் திருப்பியபோது மரத்தடியில் இரண்டு பச்சைப் பொட்டு மின்னியது. அதேதானா, அதன் சகலையா, தெரியாது. ஓடவில்லை; கெஞ்சவும் இல்லை. உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. வீட்டுப் பூனை பார்க்கிற பார்வையில் ஒரு விண்ணப்பம் இருக்கும். இது ஆடிட்டர் பார்வை.

மாமனார் கையில் இருந்த உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. "மாப்ள," என்றார் மெதுவாக, "சதுரகிரியில சித்தருங்க நாய் ரூபத்துல வருவாங்க. கூடவே நடந்து வந்து வழி காட்டிட்டு மறைஞ்சிருவாங்க. இங்க நாய் இல்ல பாருங்க..."

சாயங்காலம் அபசகுனமாக இருந்தது இருட்டியதும் சித்தராகிவிட்டது. நண்பர் தடுப்பதற்குள் ஒரு இலைத் துண்டில் தயிர்ச்சாதம் போய்விட்டது. "மிருகங்களுக்குச் சாப்பாடு வைக்கக்கூடாது ஐயா, பிழையான வேலை," என்று அவர் பதறினார். பதற அவசியமே இருக்கவில்லை. பூனை வந்தது, ஒரு தடவை முகர்ந்தது, ஏதோ அவமானப்பட்டதுபோல் பின்வாங்கி மறுபடி உட்கார்ந்துகொண்டது.

அதில் மாமனார் வருத்தப்பட ஒன்றுமில்லை. அரசாங்கமே இதில் தோற்றுப்போய் நிற்கிறது. கங்காருக் கறியை அரைத்து, கோழிக் கொழுப்பு சேர்த்து, வாசனை கூட்டி, நடுவில் விஷம் வைத்துச் சின்னச் சின்ன சாசேஜாகச் செய்து விமானத்திலிருந்து வீசுகிறார்கள். வேறு இரை கிடைக்கிற வரையில் பூனை அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உயிரோடு ஓடுவதைப் பிடித்துத் தின்பதுதான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர்கூடத் தேவையில்லை; இரையின் ஈரத்திலேயே பாலைவனத்தில் காலம் தள்ளும். சாயங்காலம் அதற்காகப் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர்கள் நாங்கள்தான்.

ஃபெலிக்ஸர் என்று ஒரு கருவி கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சூரிய மின்சாரத்தில் ஓடும் பெட்டி. முன்னால் போகும் பிராணியின் உருவத்தைக் கதிரால் அளந்து, பூனைதான் என்று தெரிந்தால் மட்டும் அதன் விலாவில் விஷக் களிம்பைப் பீய்ச்சும். உடம்பில் அழுக்குப் பட்டால் பூனைக்குப் பொறுக்காதே. நக்கிச் சுத்தம் செய்யும், செத்துப்போகும். இதைச் சொன்னதும் மாமனார் கொதித்துப்போனார். தினம் இரண்டு வேளை குளிக்கிறவர். "சுத்தமா இருக்கிறது ஒரு குத்தமா மாப்ள?"

அவரை ஆற்றுவதற்கு நான் மறுபக்கக் கணக்கைச் சொன்னேன். நல்ல மழை பெய்த வருஷத்தில் இந்த நாட்டுக் காட்டில் அறுபது லட்சம் பூனைகள் வரை இருக்கும். வறட்சியில் இருபது லட்சத்துச் சொச்சம். வருஷத்துக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட உள்ளூர் உயிர்களை, பல்லி, பறவை, சிறு பாலூட்டி என்று, கொன்று தீர்க்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் பூண்டோடு போனதில் இதற்குப் பங்கு உண்டு. 2015இல் அரசாங்கம், ஐந்து வருஷத்தில் இருபது லட்சம் பூனைகளை ஒழிப்போம் என்று அறிவித்தது. பிரெஞ்சு நடிகை பிரிஜிட் பார்டோ மந்திரிக்கு ஆவேசமாகக் கடிதம் எழுதினார். பார்டோவையும் பார்த்தது, மந்திரியையும் பார்த்தது, பூனை தன்பாட்டுக்கு இருக்கிறது. கிப்சன் பாலைவனத்தில் கிவிர்குரா என்ற ஊரின் பூர்வகுடி மக்கள் மட்டும்தான் அலட்டிக்கொள்ளாமல் காலடித் தடம் பார்த்து நடந்தே துரத்திப் பிடிக்கிறார்கள். பிடித்துச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள். எனக்கென்னவோ, அத்தனை திட்டங்களிலும் இதற்குத்தான் ஒரு நேர்மை இருப்பதாகப் படுகிறது.

மாமனார் மரத்தடியைப் பார்த்தார். "நூறு கோடியா?"

"அதுக்கு மேல மாமா."

"சித்தர் அவ்ளோ சாப்பிட மாட்டாரு," என்று முடிவாகச் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார்.

காலையில் திரும்பும் வழியில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில், அந்தத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் பூட்ஸைக் கழற்றியிருந்தார். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. அந்த அம்மாள் இரண்டு பையையும் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைபடத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பு மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிமிஷம் தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்த கோடாலித் தைலத்தை எடுத்து, அனுமதி கேட்காமல் அந்த வெள்ளைக்காரக் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். நண்பர் என் மடக்குத் தடிகளில் ஒன்றை வாங்கி அவருக்குக் கொடுத்தார்.

எப்படி ஆயிற்று என்று கேட்டேன். விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று முன்னால் ஒரு பூனை பாய்ந்ததாம். இந்தக் காட்டில் பூனையா என்று அதையே பார்த்துக்கொண்டு கல்லில் கால் வைத்துவிட்டாராம்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் போச்சுன்னு கேளுங்க மாப்ள."