கூடையை இறக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைக்கு ஏறி வந்தார். பார்த்த சமவெளியை வரைபடத்தில் ஒழுங்காகக் குறிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பார்கள். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் அமைக்கும் பேச்சு சூடுபிடித்தது. ஆனாலும் மலைக்குப் பெயர் கேமரன்தான். அரைகுறை அறிக்கைக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது. வேலை தேடுகிறவர்கள் இவரைப் பின்பற்ற வேண்டாம்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். தானா ராத்தாவில் யாருக்குப் பாரம் நிரப்ப வேண்டுமானாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். ஃபீஸ் ஒரு தே தாரிக்.

சுங்கை பாலாஸ் பக்கத்து அக்கா ஒருவர் அப்படித்தான் வந்தார். முட்டி வலி, இனிச் சரிவில் ஏற முடியாது, பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி பண்ணை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள்.

“என்ன வேலை தெரியும்னு எழுதட்டும்க்கா?”

“எனக்கென்ன தெரியும்? கொழுந்து வெட்டினேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! கையால் கிள்ளிய காலத்தில் தொடங்கி, கத்தரிக்கு மாறி, பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போகும் மெஷினுக்கும் மாறியவர். புதிதாக வந்த வங்காளதேசத்துப் பையன்களுக்கும் இந்தோனேசியப் பெண்களுக்கும் முற்றல் இலை எது, கொழுந்து எது என்று காட்டிக் கொடுத்தவர். அதற்காக மலாய் பேசி, கொஞ்சம் வங்காளமும் பிடித்துக்கொண்டார். தராசில் அரைக் கிலோ குறைந்தால் மூட்டையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்ற கிராணி நான் என்பதால் இது எனக்கு நன்றாகவே தெரியும்.

தரம் பிரித்தல், புதிய ஆட்களுக்குப் பயிற்சி, மூன்று மொழி என்று எழுதினேன். படித்துக் காட்டியதும், “யாரு தம்பி இந்தப் பொம்பள?” என்று கேட்டார். பேக்கிங் பிரிவில் மேற்பார்வை வேலை கிடைத்தது. தோட்டத்து ஆட்கள் செய்ததைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் செய்யாததையும் சேர்த்து எழுதுவார்கள். இரண்டு பாரத்தையும் கலந்து பாதியாகப் பிரித்தால் நாடு உருப்படும்.

நேர்முகத் தேர்வுக்கு மலையிறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவெட்டரைப் பேருந்திலேயே கழற்றிவிடுங்கள். ஈப்போ வெயிலில் சுவெட்டரோடு வியர்த்து வழிந்தால், கேள்வி கேட்பவர் பயந்தாங்கொள்ளி என்று எழுதிக்கொள்வார். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள். தாப்பா பாதையின் வளைவுகளில் இறங்கிய முகத்தோடு யாரும் எந்த வேலையும் வாங்கியதில்லை.

வேலை தர யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காலத்தில் கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்; அந்தப் பணம் கடனாகக் கூடவே கப்பலேறியது. 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள் சேர்ப்பை நிறுத்தியது. இப்போது கங்காணிக்குத் தலைப்பாகை இல்லை, வாட்சாப் இருக்கிறது. கம்போடியாவில் கொழுத்த சம்பளம் என்று நம்பிப் போன மலேசியப் பிள்ளைகள், அங்கே மோசடிக் கும்பலிடம் அடைபட்ட கதையைப் பத்திரிகையில் படித்தோமே.

இனி என் அக்கா மகன். பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் நிற்கிறான். ஒருநாள் வந்து, “மாமா, வேலைய விடப் போறேன். பிடிச்சதச் செய்யணும்” என்றான்.

“எது பிடிக்கும்?”

“காப்பி.”

சுற்றிலும் மலை மலையாகத் தேயிலை. இவனுக்குக் காப்பிக் கடை வேண்டும்!

ஆதாரங்களோடு வந்திருந்தான். “ஈயம், நிலக்கரின்னு இருந்த ரஸ்ஸல் 1929-ல தேயிலைக்கு வரலையா? ஜிம் தாம்சன் கட்டடக் கலை, உளவு, பட்டு வியாபாரம்னு மூணு தொழில் மாறலையா?”

“ரஸ்ஸலுக்கு நிலக்கரிச் சுரங்கம் இருந்துச்சு, உனக்கு மோட்டார் சைக்கிள் கடன் இருக்கு. தாம்சன் 1967 மார்ச்சில இதே தானா ராத்தாவுல உலாத்தப் போனவரு. இன்னும் தேடுறாங்க.”

பிறகு கணக்குக்கு வந்தோம். வேலை போனால் சொக்சோவின் வேலைக் காப்புறுதியில் உதவித்தொகை உண்டு, 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றேன். முகம் மலர்ந்தது. நீயாக விலகினால் கிடையாது என்றேன். வாடியது. “அப்போ அவங்களையே நீக்க வெச்சா?” தப்பு நடத்தைக்காக நீக்கினாலும் கிடையாது, மருமகனே.

ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையென்றால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முன்னறிவிப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைந்தவர்களுக்கு 4 வாரம், ஐந்துக்குக் குறைந்தவர்களுக்கு 6, அதற்கு மேல் 8. தோட்டத்து வேலை என்றால் இன்னொன்றும் கணக்கில் வரும்: கடிதம் கொடுத்தால் லயத்து வீட்டுச் சாவியையும் கொடுக்க வேண்டியிருக்கும். குடும்பத்தோடு எங்கே போவது என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேனாவைத் திறப்பது நல்லது.

விடுமுறை நாளில் சம்பளம் இல்லாமலாவது ஒரு காப்பிக் கடையில் நின்று பார் என்று அனுப்பினேன். பள்ளி விடுமுறைக் காலம். கோலாலம்பூர் கார்கள் கேயா ஃபார்ம் வரைக்கும் வரிசை கட்டி நிற்க, இவன் கோப்பை கழுவினான். மெஷின் மக்கர் செய்தது. பழுதுபார்க்கிறவர் ஈப்போவிலிருந்து ஏறி வர அரை நாள் ஆனது. அவர் திருகாணி கழற்றுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இப்போது அவரிடமே பயிற்சிக்குச் சேர இடம் கேட்டான்; நியமனக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தை என் வாசலில்தான் எழுதினான். மேனேஜரைப் பற்றி நடுவில் ஒரு முழுப் பத்தி வைத்திருந்தான். நல்ல தமிழ், நயமான வசவு. வெட்டிவிட்டேன். அந்தக் கோபத்தில் எனக்குத் தே தாரிக் வாங்கித் தராமலே போய்விட்டான்.