நான்காம் இருக்கை: இலக்கணமும் வழக்கும்

மும்பை மின்ரயிலின் இரண்டாம் வகுப்புப் பெட்டியில், ஜன்னலோரம் தொடங்கி நடைவழியில் முடியும் இருக்கை மூன்று பேருக்கென்று செய்தது. அதில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நான்காமவர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதே இவ்வாய்வின் பொருள். பெட்டியைக் கட்டியவர்கள் கணக்கில் அப்படி ஓர் இடம் இல்லை. ஆனால் ‘ஃபோர்த் சீட்’ என்றால் அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

கள ஆய்வு ஒன்பது நாள் நடந்தது. ஆய்வாளர் டோம்பிவிலியில் அத்தை வீட்டில் தங்கி, ஊர் சுற்றிப் பார்ப்பதாகப் பொய் சொல்லிவிட்டுத் தினமும் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் வரை போய்த் திரும்பினார். முதல் நாள் ஆய்வு தாதரிலேயே நின்றுபோனது. “ராத்திரி திரும்பும்போது தாதர்ல ஒண்ணாம் நம்பர்ல ஏறுடா” என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். அத்தையின் தகவல் பழையது. தாதரில் மேற்கு ரயில்வேக்கு ஓர் ஒன்றாம் நடைமேடை, மத்திய ரயில்வேக்கு இன்னோர் ஒன்றாம் நடைமேடை என்று இருந்ததை 2023 டிசம்பரில் மாற்றி, மத்திய ரயில்வேயின் நடைமேடைகளுக்கு 8 முதல் 14 வரை எண் கொடுத்துவிட்டார்கள். ஆய்வாளர் மேற்கு ரயில்வேயில் நின்றுகொண்டு, மத்திய ரயில்வேயில் வரும் டோம்பிவிலி வண்டிக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

வரலாறு. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் ரயிலில் 14 பெட்டிகள், பயணிகள் சுமார் 400 பேர். வகுத்துப் பார்த்தால் பெட்டிக்கு முப்பது பேர்கூடத் தேறவில்லை. ஆகவே அன்று நான்காம் இருக்கை தோன்றியிருக்க முடியாது எனத் துணியலாம். 21 குண்டுகள் முழங்க வழியனுப்பப்பட்ட அந்தக் கனவான்கள் யாரும் பக்கத்து ஆளின் முழங்காலைத் தட்டி நகரச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இன்றோ உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள். இதற்கு ரயில்வே வழக்கில் ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’ என்று பெயர். பிழிந்து எடுத்த கூட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி இலக்கணம். எழுத்துகளை முதல், சார்பு என இரண்டாகப் பிரித்தவர்கள் நம் முன்னோர். தனித்து நிற்கத் திராணியுள்ளவை முதலெழுத்து, பிறவற்றைச் சார்ந்தே ஒலிப்பவை சார்பெழுத்து. முதல் மூன்று இருக்கைகளும் முதலிருக்கைகள்; நான்காவது சார்பிருக்கை. மற்ற மூவரும் எழுந்து போய்விட்டால் அதுவும் இல்லாமல் போகும். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை, நான்காமவருக்கும் அரைதான். உடம்பின் ஒரு பாதி இருக்கையிலும் மறு பாதி ஆகாயத்திலும் இருக்க, நடைவழியில் ஊன்றிய கால் மட்டும் மொத்தக் கட்டடத்தையும் தாங்குகிறது. ஒப்புமை ஓரிடத்தில் இடறுகிறது. உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் ஓடிவிடும். நான்காமவர் எந்த உயிர் வந்தாலும் ஓடமாட்டார்.

அளவை. கையால் அளந்ததில், நான்காம் இருக்கையின் அகலம் சரியாக ஒரு சாண். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொன்னவர் குர்லா தாண்டி நின்றுகொண்டே போனதில்லை.

இந்த இருக்கையைப் பெறும் முறைக்குச் சொல் அதிகம் தேவையில்லை. விளிம்பில் இருப்பவரின் தோளருகே கையை லேசாக அசைத்து, “தோடா சர்கோ” (கொஞ்சம் நகருங்கள்) என்றால் போதும். அவர் முகத்தைப் பார்க்காமல் நகர்வார். அவர் இடிக்க நடுவிலிருப்பவரும், அவர் இடிக்க ஜன்னல்காரரும் நகர்வார்கள். மூவரில் யாரும் எரிச்சல் காட்டியதை ஒன்பது நாளில் ஆய்வாளர் காணவில்லை. யாரும் சிரித்ததையும் காணவில்லை. முதல் வகுப்பில் இந்த வழக்கு இல்லை. அங்கே மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்று பேர்தான். கூடுதல் கட்டணம் மெத்தைக்கு மட்டுமல்ல.

ஆய்வாளர் பெரிதும் சறுக்கியது ‘கிதர்?’ (எங்கே?) என்னும் வினாவில். மூன்றாம் நாள் மாலை அதிசயமாக நடு இருக்கை கிடைத்தது. எதிரே நின்ற பெரியவர் குனிந்து, “கிதர்?” என்றார். வெளியூர்க்காரன் முகம் தெரிந்து அன்போடு விசாரிக்கிறார் என நினைத்து, தெரிந்த இந்தியில் அத்தையைப் பற்றியும், அவருடைய முழங்கால் அறுவைச் சிகிச்சை பற்றியும், ஊரில் மழை இல்லாததைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்து, “ஸ்டேஷன்?” என்றார். டோம்பிவிலி என்றதும் அவர் முகம் வாடிய வாட்டம் மறக்காது. உடனே பக்கத்தில் இருந்தவரிடம் அதே ‘கிதர்?’. “தாணே.” அவ்வளவுதான்; பெரியவர் அவர் முழங்காலுக்கு நேராக, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அது குசலம் விசாரிப்பு அல்ல, இடத்துக்குப் போட்ட துண்டு.

சிக்கல் தாணேவில் வெடிக்கும். காலியாகும் முழு இருக்கை, இத்தனை நேரம் அரை மாத்திரையில் தொங்கிய நான்காமவருக்கா, சொல்லிவைத்து நின்றவருக்கா? நான்காமவர் உள்ளே நகர, நின்றவர் நான்காமிடம் ஏறுவதே நெறி என்பது ஒரு சாரார். சொல் கொடுத்தபின் முழு இடமும் அவருக்கே என்பது மறு சாரார். இரண்டையும் கண்டேன். ஆய்வாளர் முதற் கட்சி. நான்காமிடத்தில் தாணே வரை கால் மரத்துப்போன எவரும் இக்கட்சியில்தான் சேருவார்.

பத்தாம் நாள் சென்னைக்குத் திரும்பும் விரைவு ரயிலில், கீழ்ப்படுக்கையில் மூவர் உட்கார்ந்திருந்தோம். நடைவழியில் ஒருவர் பையோடு வந்து நின்றார். கை தானாக அசைந்தது. உள்ளே நெருக்கி, விளிம்பில் ஒரு சாண் விட்டு, தட்டிக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சார், எனக்கு மேல் பெர்த்து” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.