காரண அண்ணாச்சி

தென்காசியில் தெருவுக்கு ஒரு காரண அண்ணாச்சி உண்டு. எந்த வழக்கத்தையும் சும்மா விடமாட்டார். அதற்கு விஞ்ஞானம் சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று அடித்தால் நாமெல்லாம் வேட்டியைப் பிடிப்போம். அண்ணாச்சி பெர்னூலி விதியைப் பிடிப்பார். சாரல் விழுந்துவிட்டால் ஆளைக் கையில் பிடிக்க முடியாது. குற்றாலம் ஐந்தருவியில் துண்டோடு நடுங்குகிறவரை நிறுத்தி, "அம்புட்டும் நெகட்டிவ் அயனி வே! லெனார்டு 1892-லயே எழுதிட்டான்" என்பார். அருவித் திவலையில் மின்னூட்டம் பிரிவதை பிலிப் லெனார்ட் எழுதியது நிஜம்தான். அங்கிருந்து மூட்டுவலி, சர்க்கரை, மகளுக்கு வரன் அமைவது வரை தாவியது அண்ணாச்சியின் சொந்த ஆராய்ச்சி.

துரியன் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று சீசனில் கொள்ளை விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். அதற்கும் ஒரு 'என்சைம்' வைத்திருக்கிறார். "தின்னவங்களுக்குப் பிறந்துச்சா, தின்னாதவங்களுக்குப் பிறக்கலையான்னு யாராவது பாத்தாவளா?" என்று கேட்டால், "காரணமே இருக்கும்போது கணக்கு எதுக்குவே?"

ஆஸ்பிரின் 1899-இல் கடைக்கு வந்தது. அது உடம்புக்குள் செய்யும் வேலையை ஜான் வேன் கண்டுபிடித்தது 1971-இல். அதுவரை காரணம் தெரியாமலே காய்ச்சலைத் தணித்துக்கொண்டிருந்தது. காரணம் சாவகாசமாக வரலாம்; கேட்கிறதா என்று பார்ப்பதுதான் முந்தி வரவேண்டும். அண்ணாச்சியிடம் முந்தியது இருப்பு இல்லை. பிந்தியது மூட்டை மூட்டையாக உண்டு.

குற்றாலநாதர்கூட அவரிடம் தப்பவில்லை. பெருமாளைச் சிவனாக்க அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்தியதில் சாமிக்குத் தலைவலி, அதற்குத்தான் மூலிகைத் தைலம் என்பது கோயில் கதை. அருவிக் குளிருக்கு ராத்திரி கஷாயமும் உண்டு. "இதெல்லாம் ஆன்ட்டி-இன்ஃப்ளமேட்டரி, சாமி" என்றார் அண்ணாச்சி. அர்ச்சகர் தீபத்தைத் தூண்டியபடி, "அப்படியா? அவருக்குத் தெரியாது" என்றார்.

போன சீசனில் அருவியில் ஆட்டம் போட்டதில் அண்ணாச்சிக்கும் அவர் தம்பிக்கும் ஒன்றாகச் சளி பிடித்தது. மதினி சுக்குக் கஷாயம் நீட்டினாள். "இஞ்சி காய்ஞ்சா ஜிஞ்சரால் ஷோகாலா மாறும், அது..."

"ஆறுது, குடிங்க."

நாலு நாளில் சளி விட்டது. "பாத்தியா ஷோகாலை!" என்றார்.

"கஷாயத்தைத் தொடாத உங்க தம்பிக்கும் அன்னைக்கே விட்டுட்டுல்லா?"

அண்ணாச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கும் ஒரு காரணம் இருக்கு."