ஞாயிற்றுக்கிழமை உபயதாரர்

காஞ்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஆறு நாள் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர். ஏழாம் நாள் அடுக்களைக்குள் நுழைந்து, "இன்னைக்கு டிபன் நான் பாத்துக்கறேன், யாரும் உள்ளே வராதீங்க" என்று அறிவிக்கிறவர். சின்னப் பீங்கான் கிண்ணங்களில் வெண்ணெய் தடவி, வதக்கிய வெங்காயம் தக்காளியைப் பரப்பி, நடுவில் குழித்து, முட்டையை உடைத்து ஊற்றி, ஓவனில் 180 டிகிரியில் வைக்கிறார். இட்லி தோசையின் பிடியிலிருந்து ஊரை மீட்க வந்த புதுமைக்காரர் என்று தம்மைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம். என் கட்சி வேறு. இந்தக் கோயில் ஊரில் இவரைவிடச் சம்பிரதாயமான ஆள் கிடையாது. சமையல் என்ற பெயரில் இவர் நடத்துவது உற்சவம்.

நடப்பதைப் பாருங்கள். ஓவன் சூடேறும்வரை குடும்பமே காத்திருக்க வேண்டும். நடுவில் கதவைத் திறந்தால் அபசாரம். கிண்ணங்கள் வெளியே வந்ததும் முதலில் செல்போனுக்குத் தரிசனம், பிறகுதான் விநியோகம், அதுவும் பிரசாத அளவில். கெடுதல் அந்தத் தரிசனத்தில்தான். வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும். மஞ்சள் கரு 65-ஐத் தாண்டிக் கெட்டிப்பட்டு, 70-க்குள் இறுகிவிடும். ஓவனை அணைக்கலாம், சூடேறிய பீங்கானை அணைக்க முடியாது. வெளிச்சம் போதவில்லையென்று கிண்ணத்தை ஜன்னலோரம் நகர்த்தி, கொத்தமல்லித் தழையைத் திருப்பி வைத்து, நாலு படம் எடுப்பதற்குள், வழிய வேண்டிய மஞ்சள் கரு மாவாக உதிர்கிறது.

வாரம் ஒரு தினுசாகச் செய்கிறாரே, அது கற்பனை இல்லையா என்பார்கள். ஒரு வாரம் கீரை, ஒரு வாரம் சீஸ், ஒரு வாரம் குடமிளகாயைக் குடைந்து அதற்குள் முட்டை. மூலவர் அவரேதான், அலங்காரம் மாறுகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்யமாகும் குடலை இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள்: மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வைக்கிறார்கள். அந்த மிளகு, சீரகம், சுக்கை முட்டைமேல் தூவிக் 'காஞ்சிபுரம் ஸ்டைல்' என்று இவர் பெயர் சூட்டுவதும் உண்டு. நியாயமாகச் சொன்னால், இவர் கைவரிசையில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கத் தோன்றுவது அது ஒன்றுதான்.

முட்டையையும் கோயிலையும் முடிச்சுப் போடலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். முடிச்சுப் போடாமல் இருக்க அவர் படும் பாடுதான் என் சாட்சி. முட்டைக்கென்று தனி ஓவன், தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. பூஜையறைக்கு எட்டாத தூரத்தில் வராந்தாவில் தனி பிளக் பாயிண்ட். இவ்வளவு மடி பார்க்கிறவரா புரட்சிக்காரர்? புரட்டாசி பிறந்தால் ஓவனுக்குத் துணி போர்த்தி நடை சாத்திவிடுகிறார்.

ஒரு வேளையாவது வீட்டுப் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கிறதே என்பது கொஞ்சம் வலுவான வாதம். ஆனால் பசி தாங்காத பிள்ளைக்குப் பக்கத்து அடுப்பில் தோசை வார்ப்பது யார்? கிண்ண விளிம்பில் கருகிப் பிடித்த முட்டையை ஊறவைத்துச் சுரண்டுவது யார்? உபயதாரருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள், மடப்பள்ளியைக் கழுவச் சொல்ல மாட்டார்கள். இத்தனைக்கும் அதே வெங்காயத்தையும் முட்டையையும் அடித்துக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றி மூடிவைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். என்ன, அதற்குக் கூட்டம் சேராது.